புகார்: நேர்கோட்டில் நிற்காத ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்

அனுப்புநர்:
வேதியியல் ஆய்வகப் பொறுப்பாளர்,
கலை அறிவியல் கல்லூரி,
தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஆய்வகக் கருவிகள் விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: வாரண்டியில் உள்ள கருவி செறிவைத் தவறாகக் காட்டுவது, சர்வீஸ் அறிக்கையைத் திரும்பப் பெறக் கோருவது.

ஐயா,

இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் உங்களிடம் வாங்கிய விசிபிள் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்து செறிவைக் காட்டும் கருவி) பற்றி ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தோம். உங்கள் சர்வீஸ் பொறியாளரும் வந்து பார்த்தார். "மிஷின்ல ஒண்ணும் இல்ல சார். செறிவு கூடினா பீர்-லாம்பர்ட் விதி வேலை செய்யாது" என்று சொல்லிவிட்டு, அறிக்கையில் "கருவி நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வரியை நாங்கள் ஏற்கவில்லை. அவர் சொன்ன விதிப்படி, செறிவோ ஒளி கடக்கும் தூரமோ இரு மடங்கானால் உறிஞ்சலும் இரு மடங்காகவேண்டும்.

நடந்தது இதுதான். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை 525 நானோமீட்டரில், 1 செ.மீ. குவெட்டில் (ஒளி 1 செ.மீ. தூரம் கடக்கும் சிறு கலம்) வைத்து அளந்தோம். 0.0001 மோலார் (லிட்டருக்கு மோல்) செறிவுக்கு உறிஞ்சல் 0.23, 0.0002-க்கு 0.46. இதுவரை சரி. 0.0004-க்கு 0.90 வந்தது. 0.0008-க்கு 1.84 பக்கத்தில் வரவேண்டியது, 1.50-இல் நின்றுவிட்டது.

அதிகச் செறிவில் விதி விலகும் என்பது எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கே தெரியும். ஆனால் அது பொதுவாக 0.01 மோலாருக்கு மேல் பேசவேண்டிய பேச்சு. எங்கள் கரைசல் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்புறம், அதே 0.0008 மோலார் கரைசலை 5 மி.மீ. குவெட்டில் ஊற்றி அளந்தோம். 0.90 வந்தது. கரைசல் ஒன்றுதான், செறிவும் ஒன்றுதான். ஒளி கடக்கும் தூரம் மட்டும் இரு மடங்கானால் அளவும் இரு மடங்காகி 1.80 வரவேண்டாமா? 1.50 வருகிறது என்றால் குற்றம் கரைசலில் இல்லை. இதைப் பொறியாளர் முன்னாலேயே செய்து காட்டினோம். பார்த்தார், பதில் சொல்லவில்லை.

எங்கள் கணிப்பு, இது ஸ்ட்ரே லைட், அதாவது நாம் தேர்ந்தெடுத்த அலைநீளம் அல்லாத கசிவொளி. உறிஞ்சல் 1.84 என்றால் கரைசலைத் தாண்டி வரும் ஒளி ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. வேறு அலைநீளத்து ஒளி இரண்டு சதவீத அளவுக்கு உள்ளே கசிந்தால், டிடெக்டர் இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணும். உறிஞ்சல் குறைவாக இருக்கும்போது இது கண்ணில் படாது, கூடக்கூடக் கோடு வளையும். எங்களுக்கு நேர்ந்திருப்பதும் அதுதான். ஒளிப்பாதையைக் கறுப்புக் கட்டையால் மறைத்தால் கடத்தல் (தாண்டி வரும் ஒளியின் சதவீதம்) பூஜ்யம் காட்டுகிறது, ஆகவே டிடெக்டரின் இருட்டு அளவு காரணமில்லை. லிட்டருக்கு 50 கிராம் சோடியம் நைட்ரைட் கரைசல் 340 நானோமீட்டர் ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடுக்கவேண்டும். அதை வைத்தபோதும் 2 சதவீதக் கடத்தல் வருகிறது. உங்கள் விவரப் பட்டியலில் ஸ்ட்ரே லைட் 0.3 சதவீதத்துக்குக் குறைவு என்று அச்சடித்திருக்கிறீர்கள்!

இதை மாணவர் பயிற்சிக்கு மட்டும் வாங்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது பழைய கதை. ஊர்க்காரர்கள் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஸ்பாட்ன்ஸ் என்ற சாயம் சேர்க்கும் முறையில் 570 நானோமீட்டரில் அளப்போம். அதில் ஃப்ளூரைடு கூடக்கூட நிறம் வெளுக்கும், அதாவது தண்ணீர் நன்றாக இருந்தால்தான் உறிஞ்சல் அதிகம். இந்தக் கருவி தடுமாறுவதும் அந்தப் பக்கத்தில்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. அந்த அரை மில்லிகிராமுக்குள் கருவி தடுமாறினால் நாங்கள் யாருக்கு என்ன சொல்வது? இப்போதைக்கு மாதிரி வாங்குவதையே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஆகவே, ஒளியியல் பகுதியைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். வரும்போது ஸ்ட்ரே லைட் சோதனைக்கான வடிகட்டியையும், அலைநீளம் சரிபார்க்க ஹோல்மியம் கண்ணாடியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். போன முறை வந்தவர் கையில் ஸ்க்ரூடிரைவர் மட்டும்தான் இருந்தது. சோதனை அளவுகளை எண்களாக எழுதி, கையெழுத்திட்டுத் தரவேண்டும். கசிவைச் சரிசெய்ய முடியாவிட்டால் மோனோகுரோமேட்டரையோ (வேண்டிய அலைநீளத்தைப் பிரித்தெடுக்கும் பகுதி) கருவியையோ வாரண்டியின் கீழ் மாற்றித்தாருங்கள். பழைய சர்வீஸ் அறிக்கையை ரத்து செய்து கடிதமும் வேண்டும், ஏனென்றால் கல்லூரி தணிக்கையில் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவோம். அளவீட்டுத் தாள்கள், பில் நகல், வாரண்டி அட்டை நகல் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆய்வகப் பொறுப்பாளர்