மாணவர் மனசுப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

2021-இல் சென்னையிலும் கோவையிலும் பள்ளி மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமைகள் அடுத்தடுத்து வெளியே வந்து ஊரே கொதித்ததே, அதையொட்டித்தான் ‘மாணவர் மனசு’ என்ற பெட்டி நம் பள்ளிகளுக்கு வந்தது. பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போடலாம், பள்ளியில் இதற்கென்று இருக்கும் குழு பார்த்து நடவடிக்கை எடுக்கும் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். என் மகள் படிக்கும் பள்ளியிலும் ஒன்று இருக்கிறது, தலைமை ஆசிரியர் அறைக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் நடுவில், எல்லா ஆசிரியர் கண்ணிலும் படுகிற சுவரில். அங்கே போய்ச் சீட்டுப் போட ஒரு பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யாராவது யோசித்தீர்களா?

அப்படியும் ஒரு பிள்ளை போட்டது, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று. தாழ்ப்பாள் வரவில்லை. அந்தச் சீட்டையும் கட்டுரை நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘ற’வுக்கு இப்படிக் காலை நீட்டி எழுதுகிறது யார் என்று தேடியிருக்கிறார்கள். இப்போது பிள்ளைகள் இடது கையால் எழுதுகிறார்களாம், இல்லாவிட்டால் வேறு வகுப்புத் தோழியிடம் சொல்லி எழுதி வாங்குகிறார்களாம். முக்கால்வாசிப் பேர் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். அப்புறம் கூட்டத்தில் “நம்ம ஸ்கூல்ல ஒரு புகாரும் இல்லை” என்று பெருமையாகச் சொன்னால் எப்படி நம்புவது?

உங்கள் பாடும் தெரியும். கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றுவது ஒரு பக்கம், ஆள் பற்றாக்குறை ஒரு பக்கம், துப்புரவுக்குக் காசு கேட்டு நடையாய் நடப்பது இன்னொரு பக்கம். பிள்ளை கேட்டதையெல்லாம் செய்து கொடுங்கள் என்று சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று நோட்டீஸ் போர்டில் நாலு வரி எழுதிப் போட்டாலே அடுத்த பிள்ளை எழுதும்.

பேசக் கற்றுக்கொடுப்பதில் நமக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. வகுப்பு லீடருக்குக் கொடுக்கிற முதல் வேலையே பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது. அதே பள்ளி பேச்சுப் போட்டிக்கு மட்டும் ஒரு பிள்ளையைப் பிடித்து, ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை ஏற்ற இறக்கத்தோடு மனப்பாடம் செய்ய வைத்து, கோப்பையும் வாங்கி வந்துவிடும். பெண்ணுரிமை பற்றி ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசிப் பரிசு வாங்கும் பிள்ளைக்கு, மாதவிடாய் நாளில் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்பதை டீச்சரிடம் சொல்ல வாய் வராது.

தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பைப் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மன ரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. எழுதினவள் யார் என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டு மிரட்டுவது வேறு என்னவாம்?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். சீட்டில் பாலியல் தொந்தரவு பற்றி ஒரு வரி இருந்தால், அதைக் குழுவில் வைத்து, ஆசிரியரைக் கூப்பிட்டு விசாரித்து, பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 21-ஆவது பிரிவு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்கிற கவலை சட்டத்துக்குக் கிடையாது.

பக்கத்துக் கர்நாடகத்தில் குழந்தைகளுக்கென்றே தனியாக ‘மக்கள கிராம சபை’ கூட்டுகிறார்கள் (கன்னடத்தில் ‘மக்கள’ என்றால் குழந்தைகளின்), பிள்ளைகள் ஊராட்சித் தலைவரிடமே நேராகக் கேள்வி கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010-இல் தந்த மாதிரி விதிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் மாணவர்களைச் சேர்க்க இடம் இருந்தது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் நாங்கள்தானே, நாலு பிள்ளைகளைக் கூட்டத்தில் உட்கார வைத்துப் பேச விட்டால் நாங்களா வேண்டாம் என்று சொல்லப் போகிறோம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கமோ நூலகத்துக்குள்ளோ மாற்றுங்கள். இரண்டு பூட்டுப் போட்டு ஒரு சாவியை மேலாண்மைக் குழுவிலுள்ள ஒரு தாயிடம் கொடுங்கள், அவர் இல்லாமல் பெட்டியைத் திறக்க வேண்டாம். கையெழுத்து ஆராய்ச்சியை இன்றோடு நிறுத்துங்கள். முதலில் வரும் சீட்டு அநேகமாக விளையாட்டுப் பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார் என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் எழுத ஒரு வாரம் போதும்தானே?

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா