மருத்துவரிடம் பணத்தைப் பேசக் கூச்சம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்த்துக் கட்டுப்படியாகவில்லை என்ற ஆதங்கம் வாசகர் பகுதியில் அடிக்கடி ஒலிக்கிறது. ஆதங்கம் நியாயமானதே. ஆனால் பழி முழுவதும் மருத்துவரின் ஆலோசனைக் கட்டணத்தின் தலையில் விழுகிறது. மொத்தச் செலவில் அது சிறு பகுதிதான். நோய் முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதும், என்ன நோய் என்று பார்க்காமலே மருந்து மாற்றி மருந்து போடுவதும்தான் பில்லை ஏற்றிவிடுகின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்று: மருத்துவரும் வளர்ப்பவரும் பணத்தைப் பற்றி முதலிலேயே பேசிக்கொள்வதில்லை.

காது நோயையே எடுத்துக்கொள்வோம். நாய் தலையை உதறுகிறது, காதைச் சொறிகிறது, பக்கத்தில் போனால் வாடை வீசுகிறது. சொட்டு மருந்து ஒன்றை எழுதித் தருகிறார்கள். வாடை போகிறது, சில வாரத்தில் திரும்பி வருகிறது, இன்னொரு சொட்டு மருந்து. காரணம் எளிது. காது அழுக்குக்குள் மலசீசியா என்ற பூஞ்சை இருக்கலாம், உருண்டை வடிவ பாக்டீரியா இருக்கலாம், கோல் வடிவ பாக்டீரியா இருக்கலாம், காதில் குடியிருக்கும் சிற்றுண்ணியும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பஞ்சுக் குச்சியால் அழுக்கைத் தொட்டு, கண்ணாடித் தகட்டில் உருட்டி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் பத்து நிமிடம் போதும். இந்தச் சின்னச் சோதனையில் காசை மிச்சம் பிடிப்பவர்கள், பின்னால் அதைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள்.

காதுக்குள் விளக்குக் கருவியை விட்டு, செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் உட்காதைக் கெடுத்துக் கேட்கும் திறனையே பறித்துவிடும். அழுக்கு அடைத்துக் கிடந்தால், அதைக் கழுவி எடுக்காமல் ஊற்றுகிற மருந்து உள்ளே இறங்காது. வாடை நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவதும் நோய் திரும்புவதற்கு ஒரு காரணம். மறுபடி ஒரு முறை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகே நிறுத்த வேண்டும். அப்படியும் மாறி மாறி வந்தால் அடியில் ஒவ்வாமை இருக்கிறதா என்று தேட வேண்டும். தேடாமல் வருடக்கணக்கில் விட்டால் காதுக் குழாய் தடித்து, சுருங்கி, சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். அதற்கு மேல் மருந்து எடுபடாது. குழாயையே அறுத்தெடுக்கும் பெரிய அறுவை சிகிச்சைதான் மிஞ்சும்.

தோல் அரிப்பிலும் இதேதான் நடக்கிறது. முடி கொட்டிய இடத்தைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் டெமோடெக்ஸ் சிற்றுண்ணி இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பார்க்காமல் ஸ்டீராய்டு ஊசி போட்டால் முதல் சில நாள் அரிப்பு தணியும்; எதிர்ப்புச் சக்தி குறைந்து, பிறகு சொறி உடம்பு முழுக்கப் பரவும்.

அதற்காக, சொல்கிற சோதனை எல்லாவற்றையும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்த ரிப்போர்ட் எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும்?" எப்படி வந்தாலும் அதே மருந்துதான் என்றால் அந்தச் சோதனையை இப்போதைக்குத் தள்ளிப் போடலாம். மாறும் என்றால் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்து, மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். குறைந்தபட்சம் இவ்வளவு, சிக்கலானால் இவ்வளவு என்று இரண்டு தொகையும் அதில் இருக்கட்டும். "இந்தத் தொகையைத் தாண்டும் நிலை வந்தால் என்னிடம் கேட்ட பிறகே மேலே போங்கள்" என்று சிகிச்சைக்கான சம்மதப் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்திடலாம். கையில் இருப்பது இவ்வளவுதான் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அது தெரிந்தால்தான் மருத்துவரால் வேறு வழியை யோசிக்க முடியும்.

வேறு வழி என்பது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. குட்டி நாய்களை அதிகம் தாக்கும் பார்வோ என்ற வைரஸால் வரும் வயிற்றுப்போக்குக்கு மருத்துவமனையில் சேர்த்து, இரவு பகலாக நரம்பு வழியே சலைன் ஏற்றுவதே சிறந்த சிகிச்சை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்வோ கண்ட 40 நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதலில் எல்லாவற்றுக்கும் நரம்பு வழியே சலைன் ஏற்றி உடல்நிலையைத் தேற்றினார்கள். அதன் பிறகு ஒரு குழுவுக்கு முழுச் சிகிச்சை. மற்றதற்கு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய முறையில், தோலுக்கடியில் சலைன், வாந்தியை நிறுத்தும் ஊசி, நீண்ட நாள் வேலை செய்யும் ஒரே ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசி. முதல் குழுவில் 90 சதவீதம் பிழைத்தன. இரண்டாவதில் 80 சதவீதம். மருத்துவமனையில் சேர்க்க வழியில்லை என்றதும் கைவிட்டுவிட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம். ஆனால் கேட்டால்தான் இந்த வழி திறக்கும்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் நேரம், பிராணி நன்றாக இருக்கும் நேரம். நள்ளிரவில் மூச்சு வாங்கும்போது தேடக் கூடாது. ஒரு சாதாரணப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் கவனியுங்கள். எடை போட்டுக் குறிக்கிறார்களா? எடை தெரியாமல் மருந்தின் அளவு சொல்ல முடியாது. வாயைத் திறந்து ஈறைப் பார்க்கிறாரா, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கிறாரா, வயிற்றை அழுத்திப் பார்க்கிறாரா, அல்லது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே மருந்து எழுதுகிறாரா? போட்ட ஊசியின் பெயரையும் அளவையும் எழுதித் தருகிறாரா? பெயர் சொல்லாமல் ஊசி போடும் இடத்துக்கு இரண்டாம் முறை போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஊசிக்கு எதிர்விளைவு வந்தாலோ, அவசரத்துக்கு வேறு மருத்துவரிடம் ஓட நேர்ந்தாலோ, என்ன போட்டார்கள் என்று தெரியாமல் எந்தச் சிகிச்சையையும் துணிந்து தொடங்க முடியாது. இரவிலும் விடுமுறையிலும் யார் பார்ப்பார்கள், தனக்கு மேற்பட்ட நோய் என்றால் யாரிடம் அனுப்புவார் என்பதையும் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டிய பொருள். குப்பியை உங்கள் முன் திறந்து, தூளாக இருந்தால் கரைத்து, உடனே போட வேண்டும். தொகுதி எண் உள்ள ஒட்டுச்சீட்டைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும்.

அறுவை சிகிச்சை என்றால் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். ஒரு இடத்தில் பாதிக் கட்டணம் என்றால் எதை விட்டுவிட்டார்கள் என்று கேளுங்கள். நரம்பில் ஊசிக்குழாய் போட்டு வைப்பார்களா? மயக்கத்தில் இருக்கும்போது நாடியையும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டிருக்க அறுவை செய்பவரைத் தவிர இன்னொருவர் உண்டா? வலி மருந்து உண்டா? மயக்க மருந்தால் நேரும் மரணங்களில் பெரும்பங்கு அறுவை முடிந்த பின், தெளிகிற நேரத்தில்தான் நிகழ்கிறது. முதல் மூன்று மணி நேரம் பக்கத்தில் ஆள் இருந்து, உடம்பு சில்லிடாமல் பார்த்துக்கொள்கிறார்களா என்பது முக்கியம்.

எதில் செலவு செய்தால் பின்னால் பெரிய பில்லைத் தவிர்க்கலாம் என்று கேட்டால், முதலில் தடுப்பூசி. குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் நிறையும்வரை போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் மறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் கடைசி ஊசியைத் தவறவிட்ட குட்டிகள் "ஊசி போட்டும் பார்வோ வந்துவிட்டது" என்ற நிலைக்கு ஆளாகின்றன. குட்டிப் பருவ ஊசிகளை அடுத்துப் போடும் ஊக்க ஊசிக்கு (பூஸ்டர்) பிறகு, டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ ஆகிய வைரஸ் நோய்களுக்கான ஊசிகளை மூன்று ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்கிறது உலகச் சிறுபிராணிக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். எலிக்காய்ச்சல் ஊசி ஆண்டுதோறும் தேவை. வெறிநோய் ஊசிக்கு அந்தந்த நாட்டுச் சட்டமே அளவுகோல்.

அடுத்தது கருத்தடை. செய்யாத பெட்டை நாய்க்கு இனச்சேர்க்கைப் பருவம் முடிந்த ஓரிரு மாதத்துக்குள் கர்ப்பப்பையில் சீழ் கட்டலாம். தண்ணீர் அதிகம் குடிக்கும், சோர்ந்து படுக்கும், சில சமயம் வெளியே சீழ் வடியும், சில சமயம் ஒரு சொட்டும் வராது. அப்போது செய்வதும் கர்ப்பப்பையை எடுக்கும் அதே அறுவைதான். ஆனால் நோயாளி நச்சேறிய உடம்போடு மேஜையில் கிடக்கும். செலவும் ஆபத்தும் பல மடங்கு.

எடையைக் குறைப்பதற்குப் பணமே வேண்டாம். 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஜோடி நாயைவிட 25 சதவீதம் குறைவாக உண்டவை நடுமதிப்பில் 13 ஆண்டு வாழ்ந்தன, மற்றவை 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்தித் தெரியாமல், தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அளவுக் கரண்டி வேண்டாம், சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் உணவை நிறுத்துப் போடுங்கள்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடங்களும் உண்டு. கடுவன் பூனை மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது என்றால் மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; கையில் இருப்பது சில மணி நேரம்தான். ஈறு வெளுத்தாலும், தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தாலும் அன்றே காட்டுங்கள். வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். இபுபுரூஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனையின் மேல் தடவினால் வலிப்பு வந்து உயிரே போகலாம்.

காப்பீடு எடுப்பதானால் இளம் வயதிலேயே, எந்த நோயும் மருத்துவக் குறிப்பில் ஏறுவதற்கு முன் எடுங்கள். காத்திருப்புக் காலம், ஆண்டு உச்சவரம்பு, நம் பங்கு எவ்வளவு என்பதோடு இன்னொரு ஷரத்தையும் தேடிப் படியுங்கள்: ஒரு முழங்காலின் தசைநார் ஏற்கெனவே அறுந்திருந்தால், மறுகாலையும் பழைய நோய் என்று கணக்கில் சேர்த்து மறுக்கும் திட்டங்கள் உண்டு. காப்பீடு வேண்டாம் என்பவர்கள் அதே மாதத் தவணையைத் தனிக் கணக்கில் போட்டு வரலாம். முதல் ஆண்டிலேயே பெரிய நோய் வந்தால் மட்டும் அந்தத் தொகை போதாது.

மருத்துவமனை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். வழக்கமான சிகிச்சைகளின் கட்டணத்தை வரவேற்பறையில் எழுதி வையுங்கள். கேட்காமலே மதிப்பீட்டை எழுத்தில் கொடுங்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் எக்ஸ்ரே கோப்பையும் வளர்ப்பவர் கையில் கொடுத்தனுப்புங்கள். அடுத்த மருத்துவர் அதே படத்தை மறுபடி எடுக்கும் செலவாவது குறையும்.

இப்படிக்கு,
செல்லப்பிராணிகள் நலனில் அக்கறையுள்ள வாசகர்