தாண்டுதல் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயிற்சியாளர்களே,

காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, எல்லோர் காதிலும் விழும்படி அவர்களின் எடையை வாசிப்பதை நிறுத்துங்கள். உயரம் தாண்டுதலில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன்.

எடை குறைந்தால் உயரம் கூடும் என்பதை மறுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து 40 செ.மீ. எழும்புகிறவர் தரையைவிட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர். உந்துதல் மாறாமல் 60 கிலோ உடல் 57 கிலோ ஆனால் இன்னும் 4 செ.மீ. கிடைக்கும். உந்துதல் மாறாமல் இருக்க வேண்டுமே! பட்டினியில் கொழுப்போடு தசையும் கரைகிறது. எடை குறைந்த அதே விகிதத்தில் கால்வலுவும் குறைந்தால் ஒரு செ.மீ.கூட மிஞ்சாது. உடல் கனத்திருந்தும், கால்வலுவால் பளுதூக்கும் வீரர்கள் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எழும்புகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள்.

எனக்குப் பதினாறு வயதில் இரவுச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். விரல்நுனியில் சாக்பீஸ் பொடி தடவிக்கொண்டு, எம்பிச் சுவரைத் தொடுவோம். முதல் வாரம் என் வெள்ளைத் தடம் இரண்டு விரற்கடை மேலே ஏறியது, பாராட்டினார்கள். நான்காவது வாரம் பழைய தடத்துக்கும் கீழே இறங்கியது. எடை இன்னும் குறைந்துகொண்டிருந்ததால் யாரும் சுவரைப் பார்க்கவில்லை. பிறகு மாதவிடாய் நின்றது. உந்தும் காலின் பாத எலும்பில் விரிசல் விட்டது. அந்தப் பருவம் முழுக்கப் போட்டிகளைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

உடல் செலவிடும் ஆற்றலுக்கு ஏற்பச் சாப்பிடாததால் வரும் இந்த நிலைக்கு இன்று பெயர் உண்டு: விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை. அது குறித்து சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே விரிவான அறிக்கை வெளியிட்டது. பனிச்சறுக்குத் தாவலில் மெலிந்த உடல் உண்மையாகவே அதிக தூரம் பறக்கும்; அங்கேயே வீரர்கள் எலும்பும் தோலுமாக வந்து நின்றபோது, 2004-இல் விதியை மாற்றினார்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாதவருக்குக் குட்டையான சறுக்குப் பலகைதான் தரப்படும்; அதில் அவ்வளவு தூரம் பறக்க முடியாது.

வளரும் வயதுப் பிள்ளைகளிடம் எடையைக் குறைக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். பெரியவர்களுக்குத் தேவைப்பட்டால், போட்டிகள் இல்லாத மாதங்களில், மருத்துவரின் மேற்பார்வையில், மெதுவாகக் குறைக்கட்டும். எடையை எழுதும் நாளில் சுவர்த்தடத்தின் உயரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால், அன்றே அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

அன்புடன்,
முன்னாள் உயரம் தாண்டும் வீராங்கனை