இரண்டு மாதம் பொறுக்காததன் விலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியிருக்கும் வீட்டைச் சீர்செய்து விற்று, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டை வாங்கிவிட்டால் வரியே கிடையாது என்று எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் அடிக்கடி பேச்சு வருகிறது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மின்வாரியத்தில் முப்பது வருடம் கணக்கு பார்த்தவன். சொந்தக் கணக்கில் கோட்டைவிட்டேன்.

2020 ஜூனில் ஸ்ரீரங்கத்து வீட்டை விற்றேன். மூலதன ஆதாயம், அதாவது விற்றதில் வந்த லாபம், 12 லட்சம். அந்த நவம்பரிலேயே திருவானைக்காவலில் மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய ஒரு பழைய மெட்ராஸ் ஒட்டு வீட்டைப் பத்திரச் செலவோடு 38 லட்சத்துக்கு வாங்கியதால், வருமான வரிச் சட்டம் 54-வது பிரிவில் அந்த 12 லட்சத்துக்கு முழு விலக்கு கிடைத்தது. மாடியில் ஓர் அறை, கீழே புதுக் குளியலறை, தரை, வயரிங் என்று 6 லட்சம் இழுத்துவிட்டது. அப்புறம் மனைவிக்கு முழங்கால் வலி. கோவைக்கே வந்துவிடுங்கள் என்றாள் மகள். 2022 செப்டம்பரில், அதாவது 22-வது மாதத்தில், 52 லட்சத்துக்கு விற்றுவிட்டு கோவையில் வீடு வாங்கினோம். என் கணக்கில் லாபம் 8 லட்சம். அதுவும் அடுத்த வீட்டில் போய்விட்டது, வரி ஏது?

ஆடிட்டர் தம்பி போட்ட கணக்கு வேறு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருக்காத வீடு என்பதால் இது குறுகிய கால ஆதாயம். 54-வது பிரிவு விலக்கு நீண்ட கால ஆதாயத்துக்குத்தான் என்பதால், கோவை வீட்டைக் காட்டி அதைக் கேட்கவே முடியாது. அது போதாதென்று, விலக்கு பெற்று வாங்கிய வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால், பழைய 12 லட்சத்தை வாங்கிய விலையில் கழித்துவிடுவார்கள். என் 38 லட்சம் 26 ஆயிற்று. புதுப்பித்த செலவிலும் டைல்ஸ் கடை, எலெக்ட்ரிக்கல் கடை பில் இருந்த இரண்டரை லட்சம்தான் நின்றது. மீதியெல்லாம் மேஸ்திரியின் நோட்டில் பென்சிலில் இருந்தது. வெள்ளையடித்தது, ஒழுகலை அடைத்தது எல்லாம் பராமரிப்பாம். பில் இருந்தாலும் சேராது. ஆக, ஆதாயம் இருபத்து மூன்றரை லட்சம், அதுவும் என் பென்ஷனோடு சேர்ந்து சாதாரண வரி விகிதத்தில்.

இரண்டு மாதம் தள்ளிப் பத்திரம் போட்டிருந்தால் கோவை வீடே என்னைக் காப்பாற்றியிருக்கும். வாங்கியவர் காத்திருக்கவும் தயாராகத்தான் இருந்தார். அவசரப்பட்டது நான்.

2024 ஜூலை 23-லிருந்து வீடு விற்ற ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதமா, பழையபடி 20 சதவீதமா என்று எல்லாரும் விகிதத்தைப் பற்றியே பேசுகிறோம். அது நீண்ட கால ஆதாயத்துக்கு உரிய பேச்சு. தேதியில் தவறியவருக்கு இரண்டுமே இல்லை. வீட்டை விற்பவரின் முந்தைய பத்திரத்தில் தேதி இருக்கிறது. 24 மாதம் ஆகவில்லை என்றால் பதிவு அலுவலகத்தில் ஒரு வரி எச்சரித்தால் என்ன குறைந்துவிடும்? விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

கோவை வீட்டில் போன மாதம் சமையலறை மேடையை மாற்றினோம். கிரானைட் கடைக்காரர், "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் சார்" என்றார். பில்லை வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
கோயம்புத்தூர்