ஓட்டு நாள் லீவும் அன்றைய கூலியும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் எங்கள் ஆபீஸ் போனுக்கு ஓய்வே கிடையாது. "ஏனுங்க, அன்னிக்கு கம்பெனிய மூடித்தான் ஆகோணுங்களா? காலையில ரெண்டு மணி நேரம் விட்டாப் பத்தாதுங்களா?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, "ஷிப்ட் கணக்குல வர்ற ஆளுக்குமா சம்பளம்?" என்பதில் வந்து நிற்கும். போன தடவை எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் இந்த முறை எழுதியே அனுப்பிவிடுகிறோம். சம்பளக் கணக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) என்று உங்கள் கம்பெனியின் ரிஜிஸ்டர்கள் எங்கள் மேஜையில்தான் இருக்கின்றன. அதில் தப்பு வந்தால் எங்களுக்கும் பொறுப்பு உண்டு.

முதலில் அந்த இரண்டு மணி நேரக் கேள்வி. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1996இல் சேர்த்தது. மக்களவைக்கோ சட்டமன்றத்துக்கோ ஓட்டுப் போடும் உரிமை உள்ள எவரும், கடையோ கம்பெனியோ வேறு எந்த நிறுவனமோ, எங்கே வேலை பார்த்தாலும் வாக்குப்பதிவு நாளன்று அவருக்கு விடுமுறை தர வேண்டும் என்கிறது அது. விடுமுறை என்றுதான் இருக்கிறது, பர்மிஷன் என்று இல்லை. ஆகவே 'போய்ப் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு மெஷினுக்கு வந்துவிடு' என்பது செல்லாது. பத்து ஆள் வைத்து ஓட்டும் பவர் டேபிள் தையல் யூனிட்டும் சரி, இரண்டு பையன்கள் நிற்கும் மளிகைக் கடையும் சரி, எல்லாம் இதில் அடக்கம்.

லீவு விடுவதில் திருப்பூரில் பெரிய தகராறு வருவதில்லை. பாதிப் பேர் முதல் நாள் இரவே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள், நீங்கள் கேட்டைத் திறந்து வைத்தாலும் ஆள் வராது. சறுக்குவது சம்பளத்தில்தான். "வேலைக்கு வந்தாத்தானுங்க சம்பளம், அது அவிங்களுக்கே தெரியுமே" என்பார் முதலாளி. அப்படி ஒரு பேச்சு வரும் என்று சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த விடுமுறைக்காகச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்பதோடு அவர்கள் விடவில்லை. வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்ற ஏற்பாட்டில் சேர்ந்தவராக இருந்தாலும், அன்று விடுமுறை விடாமல் இருந்திருந்தால் என்ன வாங்கியிருப்பாரோ அதைக் கொடுத்தாக வேண்டும் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஷிப்ட் கூலியைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கும்.

பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஒரு டெய்லருக்கு ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஆறு ஷிப்ட், சனிக்கிழமை கையில் 3,600. தேர்தல் வியாழக்கிழமை வந்தால் வருகைப் பதிவு மெஷின் காட்டுவது ஐந்து ஷிப்ட், பட்டியல் போடுவது 3,000. கவரில் இருக்க வேண்டியது 3,600தான். அந்த 600ஐ அடுத்த ஞாயிறு ஒரு ஷிப்ட் வந்து கழித்துக்கொள்ளச் சொல்வதும் சரியில்லை. ஞாயிறு வேலை வாங்கினால் அதற்குத் தனியாகக் கூலி உண்டு.

பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஆட்களுக்குத்தான் கொஞ்சம் மண்டை காயும். அன்று எத்தனை பீஸ் தைத்திருப்பார் என்று யார் சொல்வது? 135பி கணக்கு ஏதும் சொல்லித் தரவில்லை. எங்கள் ஆபீஸ் வழக்கம் இது: முந்தைய மாதம் அவர் முழு நாளாக வேலை பார்த்த நாட்களின் வருமானத்தைக் கூட்டி, அந்த நாட்களால் வகுத்து, வரும் சராசரியைப் போடுகிறோம். யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. ஒன்றரை ஷிப்ட் வாடிக்கையாக ஓடும் கம்பெனிகளில் அந்த அரை ஷிப்டும் சேருமா என்று கேட்டால், இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது. ஒரு முழு ஷிப்டுக்குக் குறைய மட்டும் பட்டியலில் போட மாட்டோம். காண்ட்ராக்டர் ஆட்களுக்கும் இந்தக் கூலி உண்டு. அதை யார் கணக்கில் எழுதுவது என்று நீங்களும் காண்ட்ராக்டரும் முன்கூட்டியே பேசி பில்லில் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அப்புறம் விரல் மை விவகாரம். சில தேர்தல்களுக்கு முன்னால், சம்பளப் பட்டியலைக் கொடுக்க ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொருவருடைய இடது ஆட்காட்டி விரலையும் தூக்கிப் பார்த்து நோட்டில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். மை இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் ஆப்சென்ட். தேனிப் பக்கத்து அயர்ன் மாஸ்டர் ஒருவர் விரலைக் காட்டாமல் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். வழியில் பஸ் பழுதாகி, ஊர் போய்ச் சேரும்போது மணி ஆறேகால், பூத் கேட்டைச் சாத்திவிட்டார்களாம். செக்யூரிட்டி டிக்கெட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவர் பெயருக்கு நேரே 'ஏ' போட்டார். அன்றைக்கு அந்த முதலாளியிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சட்டம் லீவு கொடுப்பது ஓட்டு உள்ளவருக்கு. போட்டதை நிரூபித்தவருக்கு மட்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. நம் நாட்டில் ஓட்டுப் போடுவது உரிமை, கட்டாயம் கிடையாது. மையைப் பார்த்துக் கூலி பிடிக்கும் வேலை வேண்டாம். யாருக்குப் போட்டாய் என்ற கேள்வி விளையாட்டுக்குக்கூட வேண்டாம். கட்சிக்காரர் யாராவது 'உங்க ஆளுங்களுக்கு வேன் அனுப்பறோமுங்க' என்று வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வேட்பாளர் தரப்பில் வாக்காளர்களை இலவசமாக ஏற்றிப் போவது ஊழல் நடவடிக்கை என்று அதே சட்டத்தின் 123ஆம் பிரிவில் இருக்கிறது. அதில் நம் கம்பெனிப் பெயர் எதற்கு?

எக்ஸ்போர்ட் வாடிக்கையாளர்கள் கேட்பது வேறு. "கன்டெய்னர் கட்டாகிற தேதிங்க, பெரிய நஷ்டம் வருமே, எங்களுக்கு விலக்கு இல்லீங்களா?" விலக்கு இருக்கிறது. ஒரு வாக்காளர் வராமல் போனால் அவர் பார்க்கும் வேலையில் ஆபத்தோ கணிசமான நஷ்டமோ நேரும் என்றால், அவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் அதைப் படிக்கும்போது கவனம் வேண்டும். அது அந்த ஒரு ஆளைப் பற்றியது, மொத்த கம்பெனியைப் பற்றியது இல்லை. டையிங்கில் (சாயப் பட்டறையில்) பாய்லர் பார்ப்பவர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மோட்டாரை நிறுத்த முடியாதவர், இவர்களைச் சொன்னால் நியாயம். பேக்கிங் செக்‌ஷன் நாற்பது பேரையும் இந்த வாசலில் நுழைக்கப் பார்த்தால் எங்களால் கையெழுத்துப் போட முடியாது. அந்த பாய்லர்காரரும் ஓட்டு உள்ளவர்தான். சமீபத்திய தேர்தல்களில் நம்மிடம் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வாக்குப்பதிவு நடக்கிறது, ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கும் டோக்கன் கொடுத்துப் போட விடுகிறார்கள். ஷிப்டை மாற்றிப் போட்டால் அவரும் போய் வந்துவிடலாம்.

வெளியூர் ஓட்டுக்காரர்கள் விஷயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் 2025 பிப்ரவரி 5, புதன்கிழமை நடந்தது. திருப்பூருக்கு அன்று சாதாரண வேலை நாள். ஆனால் ஈரோட்டிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் ஆட்களில் அந்தத் தொகுதியில் பெயர் உள்ளவர்களுக்கு அது சம்பளத்தோடு லீவு. வேலை பார்க்கும் இடம் தொகுதிக்கு வெளியே என்றாலும் இது உண்டு என்று தேர்தல் ஆணையமே தெளிவுபடுத்தியிருக்கிறது. வடமாநிலத் தம்பிகளுக்கு நாள் இன்னும் குழப்பம். 2024இல் நமக்கு ஏப்ரல் 19 ஒரே நாளில் முடிந்தது, பீகாரில் ஏழு கட்டம். யாருக்கு எந்தத் தேதி என்று அவரவர் வாக்காளர் அட்டையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எந்த ஊர்க்காரரானாலும் சட்டம் தருவது ஒரு நாள். போக வர ஆகும் நாட்கள் நீங்கள் பார்த்துக் கொடுப்பது.

உள்ளாட்சித் தேர்தலுக்கு 135பி வராது. அதற்கு அரசு தனியாக என்ன உத்தரவு போடுகிறது என்று பார்த்து அப்போது சொல்கிறோம்.

மீறினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 500 ரூபாய் வரை அபராதம். கேட்டதும் சிரிப்பீர்கள், நானும் முதலில் சிரித்தேன். ஆனால் 500 ரூபாயைக் கட்டிவிட்டால் தொழிலாளியின் கூலிப் பாக்கி தீர்ந்துவிடாது. இன்னொன்றும் இருக்கிறது. அந்த நாளை ஆப்சென்ட் என்று எழுதினால் இ.எஸ்.ஐ. பங்களிப்பிலும் ஒரு நாள் குறையும். உடம்பு சரியில்லாத காலத்துக்கு உதவித்தொகை வாங்க, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கணக்கு இருக்க வேண்டும். 77இல் நிற்கும் ஒருவர் ஆஸ்பத்திரி சீட்டோடு எங்கள் மேஜைக்கு எதிரே வந்து உட்காரும்போது எங்களால் எதுவும் செய்ய முடிவதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கைரேகை மெஷினுக்கு லீவு நாள் தெரியாது, தானாக ஆப்சென்ட் போட்டுவிடும். அதனால் அந்தத் தேதியைச் சம்பளத்துடன் விடுமுறை என்று சாப்ட்வேரில் முன்னாலேயே ஏற்றச் சொல்லுங்கள். வருகை போனஸிலும் அந்த நாளைப் பிடிக்க வேண்டாம். பதினெட்டு நிரம்பாதவர், பட்டியலில் பெயர் இல்லாதவர் பற்றி இந்தப் பிரிவு பேசவில்லை. ஆனால் கேட்டைச் சாத்தியது நீங்கள் என்பதால் அவர்களுக்கும் போட்டுவிடுவதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். வாக்குப்பதிவு நாளில் வங்கியும் விடுமுறை என்பதால் அந்த வாரச் சம்பளப் பணத்தை முன்னாலேயே எடுத்து வையுங்கள். ஊருக்குப் போகிறவர்களுக்கு முதல் நாளே கொடுத்துவிட்டால் பஸ் காசுக்கு அவர்கள் கடன் கேட்டு அலைய வேண்டியதில்லை. நோட்டீஸ் போர்டில் லீவு அறிவிப்பு ஒட்டும்போது கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ஓட்டர் அட்டை இல்லாவிட்டால் ஆதார் போன்ற அடையாள ஆவணம் ஏதாவது எடுத்துப் போக வேண்டும், ரேஷன் கார்டையும் பூத் சிலிப்பையும் மட்டும் நம்பிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வெளித்தொகுதி, வெளிமாநில ஓட்டுக்காரர்களின் பெயர்ப் பட்டியலை வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு எங்களுக்கு அனுப்பிவையுங்கள். வாட்ஸாப்பில் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும். வாக்குப்பதிவு நாளன்று எங்கள் ஆபீஸும் திறக்காது. இங்கே இருக்கும் ஏழு பேரில் மூன்று பேருக்கு ஓட்டு வெளியூரில்.

இப்படிக்கு,
உங்கள் சம்பளக் கணக்கு அலுவலகம்,
திருப்பூர்