ஹார்ட்டில்பூலில் நிற்கும் நம் ஊர்ப் பெயர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நல்ல சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ இப்போது கொஞ்சம் குறைவு. பின்னேரத்தில் டச்பே கடற்கரை மட்டும் நடந்துபோய் வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்துவிட்டு வைத்த நேரம் தொடக்கம் ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. பேரனைப் பள்ளிக்கூடத்தில் அம்மாவின் ஊரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்களாம். "அங்கே ஒரு கோயிலும் கடலும்தான் இருக்கு, பேர் சொல்லும்படி ஆட்கள் ஒருவரும் இல்லை" என்று நீ அவனுக்குச் சொன்னாயாம். உன்னைக் குறை சொல்லவில்லை மகள். முப்பது வருஷம் சரித்திரம் படிப்பித்தேன். அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் வகுப்பில் சொன்ன அளவுக்கு நம் திருகோணமலையை வீட்டில் உனக்குச் சொல்லவில்லை. அந்தக் கடனைத்தான் இப்போது தீர்க்கப் பார்க்கிறேன்.

உனக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தில் நீ இருக்கும் நியூகாசிலிலிருந்து ரயில் ஏறினால் ஹார்ட்டில்பூல் அதிக தூரமில்லை. அங்கே துறைமுகத்தில் பாய்மரப் போர்க்கப்பல் ஒன்று நிற்கிறது. அதன் பெயரே 'டிரிங்கோமலி', நம் திருகோணமலைக்கு ஆங்கிலத்தில் சொல்கிற பெயர். 1817இல் பம்பாயில், தேக்கு மரத்தால் கட்டியது. இன்னமும் தண்ணீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் அதுதான் மிகப் பழையது. 1782இல் நம் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டையை நினைத்து அந்தப் பெயரை வைத்தார்கள். நடுவில் ஒரு பெரிய காலம் அதற்கு வேறு பெயர். புயலில் உடைந்துபோன இன்னொரு கப்பலின் பெயரைச் சுமந்துகொண்டு பயிற்சிக் கப்பலாகக் கிடந்தது. பிறகு ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து, 1992இல் பழைய பெயரையே திருப்பி வைத்தார்கள். நீ இத்தனை வருஷம் அந்தப் பக்கம் இருந்தும் அதைப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் ஜேன் ஆஸ்டின். ஏ லெவல் படிக்கும்போது அவளுடைய நாவலை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடக்கூட எழும்பாமல் இருந்தாயே, அந்த ஜேன் ஆஸ்டினின் தம்பி நம் ஊரில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். பெயர் சார்ல்ஸ் ஆஸ்டின். கடற்படையில் ரியர் அட்மிரல். இந்தியக் கடல் பக்கத்துப் படைக்குத் தலைவராக வந்தவர், பர்மாவில் ஐராவதி ஆற்றில் கப்பலில் இருக்கும்போதே வாந்திபேதி கண்டு, 1852 அக்டோபர் 7ஆம் திகதி செத்துப்போனார். எழுபத்துமூன்று வயது. உடலைத் திருகோணமலையில் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பழைய ஆங்கிலேயர் சவக்காலை இருக்கிறதே, அதற்குள்தான். நீ டியூஷனுக்குச் சைக்கிளில் அதைக் கடந்துதானே போவாய்.

இந்த மனிதரைப் பற்றி எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. 1801இல், வயது இருபத்தொன்றோ இரண்டோ, எதிரிக் கப்பலைப் பிடித்ததற்குக் கிடைத்த பங்குப் பணத்தில் இரண்டு அக்காமாருக்கும் பொன் சங்கிலியும் புஷ்பராகக் கல் பதித்த சிலுவையும் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சிலுவைகள் இன்றைக்கும் உங்கள் நாட்டில் ஜேன் ஆஸ்டின் வாழ்ந்த வீட்டில் பாதுகாப்பாக இருக்கின்றன. போன மாசம் நான் குடையையும் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லறையைப் பார்க்கப் போனேன். புல் வளர்ந்து கிடந்தது. கல்லில் எழுத்தைத் தடவி வாசித்துக்கொண்டு நிற்கையில், உழைத்த காசில் அக்காவுக்கு நகை வாங்கின பெடியன் இவ்வளவு தூரத்தில் வந்து கிடக்கிறானே என்று கண் கலங்கிவிட்டது. ஜேன் இறந்ததும் 1817இல்தான். அந்தக் கப்பலைக் கடலில் இறக்கிய அதே வருஷம். பேரனுக்கு இதைக் கட்டாயம் சொல்லு.

சரி, வந்து கிடப்பவரைச் சொன்னேன். இங்கே பிறந்து வேறிடத்தில் போய் முடிந்தவரையும் சொல்ல வேண்டும். பிரமிள். தருமு சிவராம் என்றால் இங்கே பழைய ஆட்களுக்கு விளங்கும். 1939இல் இந்த ஊரில் பிறந்தவர். இருபது வயதை ஒட்டிய காலத்திலேயே இங்கிருந்து சென்னைக்கு, 'எழுத்து' பத்திரிகைக்குக் கவிதை அனுப்பத் தொடங்கிவிட்டார். பிறகு இந்தியா போய் அங்கேயே தங்கிவிட்டார். பறவையிலிருந்து பிரிந்த ஒற்றை இறகைப் பற்றி அவர் எழுதிய சின்னக் கவிதை தமிழ் வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். அதை எழுதியவர் திருகோணமலைக்காரர் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளிலேயே பலருக்குத் தெரியாது. 1997 ஜனவரியில் வேலூருக்குப் பக்கத்தில் கரடிக்குடி என்ற கிராமத்தில் காலமானார். ஐராவதியில் செத்தவர் திருகோணமலையில், திருகோணமலையில் பிறந்தவர் கரடிக்குடியில்.

அவருக்கும் முன்னால், 1895இல், 'மோகனாங்கி' என்று நாயக்கர் காலத்துக் கதை ஒன்று வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை, நம் ஊரார். சென்னையில் மாநிலக் கல்லூரியில் நூலகராக இருந்தவர். பெண்ணின் விடுதலையைப் பேசும் 'தத்தை விடு தூது'ம் அவர் எழுதியதுதான். நான் படிப்பித்த காலத்தில் எந்தப் புத்தகத்திலும் இவர் பெயரைக் கண்டதில்லை. கண்டிருந்தால் முதல் நாளே பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்.

உவர்மலை நினைவிருக்கிறதா, உன் சித்தி வீடு? ஆங்கிலத்தில் அது ஓர்ஸ் ஹில், ஓர் என்ற ஒருவரின் பெயர். தமிழில் உவர்மலை ஆகிவிட்டது. கேட்டால் ஏதோ சங்க காலத்துப் பெயர் போல இருக்கும்.

பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறது. நம் ஆட்கள் நாதனார் கோயில் என்பார்கள். அது சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. அங்குள்ள கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. விளக்கெரிக்கப் பசுக்கள் கொடுத்த தமிழர்களின் பெயர்கள் அதில் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன் புத்தரைக் கும்பிட்ட தமிழர்கள். இதை மட்டும் பேரன் பெரியவனான பிறகு ஆறுதலாக இருந்து சொல்லு. ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

நம் கோணேசர் கோயிலைப் பற்றி உனக்குத் தெரியும். சம்பந்தர் கடலுக்கு அந்தப் பக்கம் இராமேசுவரத்தில் நின்றபடியே கோணமாமலையைப் பாடினார் என்பது ஐதீகம். 1622இல் போர்த்துக்கீசர் இடித்து, அந்தக் கல்லையே கோட்டைக்குப் போட்டார்கள். 1950இல் கோயிலுக்குக் கொஞ்சத் தூரத்தில் தண்ணீருக்காகக் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் கிடைத்தன. முந்நூறு வருஷத்துக்கு மேல் ஒருவருக்கும் தெரியாமல் கிடந்த சுவாமிகள். 1963இல் கும்பாபிஷேகம். என் அம்மா ஈரச்சேலையோடு கூட்டத்தில் நின்றதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா.

ஆனால் பேரனுக்கு இதெல்லாவற்றையும் விட மான்தான் பிடிக்கும். கோட்டைக்குள் புள்ளிமான் கூட்டமாகத் திரிவதையும், ரோட்டில் இறங்கி பஸ் ஸ்டாண்ட் மட்டும் வருவதையும் சொல்லு. உனக்கு நாலு வயது இருக்கும். அர்ச்சனை முடித்து இறங்கி வருகிறோம். தட்டை நீதான் பிடிப்பேன் என்று அடம்பிடித்து வாங்கினாய். ஒரு பெட்டை மான் பின்னால் வந்து, சத்தமே இல்லாமல் வாழைப்பழத்தைக் கவ்வியது. நீ தட்டை விடவில்லை. மானும் விடவில்லை. திருநீறெல்லாம் அதன் மூக்கில். கடைசியில் நீ அழவும் இல்லை, "அதுக்கும் பிரசாதம் தானே அம்மா" என்று கேட்டாய். நீ மறந்திருப்பாய்.

லீவு விட்டதும் அவனைக் கூட்டிக்கொண்டு ஹார்ட்டில்பூல் போ. கப்பலில் ஏறினால் அந்தத் தேக்குப் பலகையைக் கையால் தொடச் சொல்லு. பெயர் எழுதியிருக்கும் இடத்தில் அவனை நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பு. எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும், அப்பா கண்ணாடி போட்டும் இப்போது சின்ன எழுத்து வாசிக்கக் கஷ்டப்படுகிறார்.

அன்புடன்,
அம்மா