கையெழுத்துப் போட்டதும் நான்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் பெண் விடுதலை பற்றி வந்த கட்டுரையில், சட்டமெல்லாம் வந்துவிட்டது, இனிப் பெண்கள் துணிய வேண்டியதுதான் பாக்கி என்று எழுதியிருந்தார்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். அறுபது வருஷம்! சட்டம் வருவதற்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு அதில் பங்கு இல்லை. எனக்குக் கல்யாணம் 1996இல், அதனால் வில்லிவாக்கத்தில் தாத்தா வழி வந்த வீட்டில் எனக்கும் பங்கு உண்டு. அப்புறம் என்ன ஆச்சு? அப்பா காரியம் முடிந்த மூன்றாம் மாதம் அண்ணன் ஆட்டோ வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். யாரும் மிரட்டவில்லை. "நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா வந்து நிக்க அண்ணன் வேணாமாடி" என்றாள் அம்மா, "அது உங்க வீட்டு விஷயம்" என்று ஒதுங்கிக்கொண்டார் கணவர், என் மகளுக்குச் சீர் செய்யத் தாய்மாமன் வேண்டும், பொங்கலுக்குப் போய் இறங்க ஒரு வாசல் வேண்டும். பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற அந்தப் பத்திரத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்.

மேரிலின் ஃப்ரை என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியை 1983இல் ஒரு கூண்டை வைத்து இதை விளக்கியிருக்கிறார். ஒரு கம்பியை மட்டும் உற்றுப் பார்த்தால், இதைச் சுற்றிக்கொண்டு பறவை பறந்து போக வேண்டியதுதானே என்றுதான் தோன்றும், அடுத்த கம்பியைப் பார்த்தாலும் அப்படித்தான். கொஞ்சம் தள்ளி நின்று மொத்தமாகப் பார்த்தால்தான் அது கூண்டு என்று தெரியும். சீர், தாய்வீட்டு வாசல், அம்மாவின் கண்ணீர், தனித்தனியாக எடுத்தால் எதுவும் அடக்குமுறை இல்லை, பாசம் என்றே சொல்லலாம் (எனக்கும் அண்ணன் மேல் பாசம் உண்டு, அது வேறு).

பொருளாதாரச் சுதந்திரம் இல்லாமல் ஓட்டுரிமையும் மற்ற உரிமைகளும் ஏட்டோடு நின்றுவிடும் என்று பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பொவ்வார் 1949லேயே எழுதினார். சரி. ஆனால் நான் இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவள். அப்படியும் போட்டேனே! இதைத் துணிச்சல் இல்லாதவள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் எப்படி?

கட்டுரையாளர் ஒரு முகூர்த்த நாள் காலையில் ஏதாவது ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் போய் நிற்கட்டும். அண்ணன் தம்பியோடு வந்து இறங்குகிற பெண்களிடம், கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு எழுதட்டும், நான் படிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை - 11